ஹேமாவின் வயிற்றுவலி

ஆம்பூர்
17.1.2024

அன்புள்ள சாவித்திரி அக்காவுக்கு,

கோயிலில் ஹேமா விழுந்தபோது இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் மாமியார் வள்ளியம்மாள், வீட்டுக்காரருடைய ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் வேலை செய்யும் ராமலிங்கம், ராமலிங்கத்தின் மனைவி, அர்ச்சகர், வாசலில் துளசி மாலை விற்கிற அம்மாள். அவ்வளவுதான். ஊரே வேடிக்கை பார்த்தது என்று உன்னிடம் சொன்னவர்கள் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். போனில் நீ கேட்டபோது நான் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும் என்பது அவர் உத்தரவு. அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்கும் மாமாவுக்கும் உடம்பு எப்படி?

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆஞ்சநேயருக்குத் தீபாராதனை. சந்நிதி மணி முழங்கியதும் ஹேமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியே சுருண்டு, வாந்தி எடுத்து, கண் மேலே செருகிவிட்டது. "சாமி மணிக்குத் துடிக்குதுன்னா உள்ள இருக்கறது நல்லது இல்லடி" என்றார்கள் மாமியார். அர்ச்சகர் தண்ணீர் தெளித்தார்.

இந்த வயிற்றுவலி போன வருஷத்திலிருந்தே இருக்கிறது. எட்டு வயதில் மறுபடி படுக்கையை நனைக்கிறாள். சீப்பில் முடி கொத்தாக வருகிறது. வகுப்பில் இவள்தான் எல்லோரையும்விடக் குள்ளம். ஸ்கேன் எடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம், ஒன்றும் இல்லை என்கிறார்கள். தோல் பதனிடுகிற ஷாப் தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன போர் தண்ணீர்தான் காரணம் என்று பல் துலக்கக்கூட இப்போது கேன் தண்ணீர். வேண்டுதலிலும் குறை வைக்கவில்லை: வள்ளிமலைக்கு முடி, பள்ளிகொண்டா ரங்கநாதருக்குத் துலாபாரம், ஆஞ்சநேயருக்கு வடைமாலை, நம் கெங்கையம்மனுக்குக் கூழ். எதற்கும் வலி இறங்கவில்லை.

அம்மன் குங்குமம் அனுப்பு. ஆலங்காயம் பக்கம் ஒருவர் தாயத்துக் கட்டுகிறாராம், விசாரித்துச் சொல். பதிலைப் பக்கத்து வீட்டு அன்வரி பேகம் அக்கா பெயருக்குப் போடு. எழுத்துக் கோணலாக இருக்கும். விரல் கதவில் நசுங்கிவிட்டது. வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் தங்கை யோகலட்சுமி


குடியாத்தம்
27.1.2024

யோகாவுக்கு அக்கா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே இருக்கிறோம். மாமாவுக்கு மூட்டுதான் மடங்கவில்லை, வாய் நன்றாக மடங்கி நிமிர்கிறது. லுங்கி ஆர்டர் கம்மி. ஒரு தறி ஓடுகிறது, ஒன்று சும்மா நிற்கிறது.

குங்குமம் வைத்திருக்கிறேன். ஆலங்காயத்துக்காரனை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

சின்ன வயதிலிருந்தே நீ எதையும் கணக்கு வைப்பவள். கோயிலில் எத்தனை பேர் நின்றார்கள், எந்தச் சாமிக்கு என்ன பாக்கி, எல்லாம் எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக் கதவைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ரொம்பப் பொல்லாத கதவாக இருக்கிறதே! போன ஆடியில் தோள்பட்டை, தீபாவளிக்கு முன்பல், இப்போது விரல். மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் கதவுக்குப் பேரு பாண்டியன் தானேடி?" என்றார். தறிச் சத்தத்தில் காது மந்தமானவருக்கே கேட்டுவிட்டது.

நேராகவே கேட்கிறேன். மாப்பிள்ளை உன்னை அடிக்கிறாரா? அடிக்கிற நேரத்தில் குழந்தை எங்கே இருக்கிறாள்? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஹேமாவுக்கு என் முத்தம்.

அக்கா


ஆம்பூர்
21.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குங்குமம் கிடைத்தது. தினமும் வைத்துவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? எந்த வீட்டில்தான் சத்தம் இல்லை? கம்பெனியில் அவருக்கு டார்கெட். ஒரு தோல் வேஸ்ட் ஆனாலும் அவரைத்தான் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று ஆரம்பிக்கும். குழந்தை ஒன்றும் பார்ப்பதில்லை. அதற்கு நான் வழி பண்ணியிருக்கிறேன். அந்த நேரத்தில் அவள் சாமிகிட்டதான் இருப்பாள். எனக்கு அந்த ஒரு நிம்மதி உண்டு.

ஆலங்காயத்துக்காரர் விவரம் மாமியார் மூலமாகக் கிடைத்துப் போய்வந்தோம். உடுக்கை அடித்து, மணியை அவள் காதோரம் ஆட்டினார். "ஏய், யாரு நீ? பேர் சொல்லு! எங்கேர்ந்து வந்த?" என்று அதட்டினார். ஹேமா கைகட்டிக்கொண்டு, "ஹேமலதா சார். மூணாவது, பி செக்ஷன்" என்றாள். "பாரு, இன்னா ஏமாத்து ஏமாத்துது" என்று வேப்பங்கொத்தால் அடித்தார். பாவாடையிலேயே போய்விட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் வாயே திறக்கவில்லை. மறுநாளும் பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் மிஸ் கூப்பிட்டு அனுப்பினார்கள். "பெல் அடிச்சா பெஞ்சுக்கு அடியில போய்டறாம்மா. போன வருஷம் நல்லா படிச்ச பொண்ணு, இப்ப சொன்னது எதுவும் மண்டையில நிக்கல" என்றார்கள்.

எந்தத் தெய்வத்துக்குக் குறை வைத்தேன் அக்கா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

யோகா


குடியாத்தம்
1.3.2024

யோகா,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமா சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

குழந்தை ஒன்றும் பார்ப்பதில்லை என்கிறாய். காதைக் கழற்றி எங்கேயாவது வைத்திருக்கிறாளா?

பேயும் வேண்டாம், தாயத்தும் வேண்டாம். வேலூரில் ஒரு குழந்தை டாக்டரம்மா இருக்கிறார். எங்கள் தெருப் பெண்ணுக்கு நன்றாகப் பார்த்தார். மாப்பிள்ளையிடம் பள்ளிகொண்டாவுக்கு இன்னொரு துலாபாரம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு வேலூருக்கு வந்துவிடு. பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். என்றைக்கு என்று மட்டும் எழுது.

அக்கா


ஆம்பூர்
24.3.2024

சாவித்திரி அக்காவுக்கு அன்வரி பேகம் சலாம். நோன்பு மாசம், எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கணும்னு துவா பண்றேன். யோகாவால எழுத முடியாது, அதான் நான் எழுதறேன். எனக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் கம்மி.

மணிக்கட்டு உடைஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. துலாபாரம்னு சொல்லச் சொன்னீங்களாமே. சாமி பேர்ல பொய் சொன்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு, பாண்டியன் அண்ணன்கிட்ட உண்மையையே சொல்லிடுச்சி. "அக்காகூட டாக்டர்கிட்ட போறேன்"னு. "எங்கூட்டு விஷயத்த குடியாத்தம் வரைக்கும் கொண்டுபோய்ட்டியா"ன்னு ஆரம்பிச்சாரு.

இன்னொண்ணு சொல்லணும் அக்கா. எங்களுக்கு நடுவுல ஒரு சுவர்தான். அண்ணன் கத்தறப்பல்லாம் பூஜை மணிச் சத்தமும் வரும். எங்க வீட்டுக்காரர் நயீம் சொல்வாரு, "இன்னா ஜனங்க, சண்டை நடுவுல பூஜை பண்றாங்க"ன்னு. அன்னிக்கி என்னால பொறுக்க முடியல. கதவத் தட்டி உள்ள போய்ட்டேன். உங்க தங்கச்சி சமையக்கட்டுல கிடக்குது. ஹேமா பூஜை அலமாரி முன்னால உக்காந்து, கண்ண இறுக்க மூடிக்கினு, மணிய ஆட்டிக்கினே இருக்கு. அண்ணன் வெளிய போய்ட்டாரு, வீடு அமைதியாயிடுச்சி, அது நிறுத்தல. "போதும் கண்ணு"ன்னேன். கேக்கல. ஒவ்வொரு விரலா பிரிச்சுத்தான் மணிய வாங்கினேன்.

கட்டு பிரிக்க வேலூர்தான் போவணும். அன்னிக்கி அப்படியே அந்த டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வர்றோம். நான் கூடப் போறேன். கவலைப்படாதீங்க.

அன்வரி


ஆம்பூர்
25.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. உன் உடம்பும் மாமா உடம்பும் எப்படி? நீ வேலூருக்கு வரவேண்டாம் என்று நான்தான் அன்வரி அக்காவிடம் சொன்னேன். உன்னைப் பார்த்திருந்தால் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டேன், அழுதிருப்பேன்.

டாக்டரம்மா ஹேமாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"வயிறு எப்ப வலிக்கும் கண்ணு?"

"அப்பா வண்டி சத்தம் கேட்டா."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"மணி எடுப்பேன். அம்மா சொல்லியிருக்காங்க. நிறுத்தினா அம்மா அழுவறது கேக்கும். அதனால நிறுத்தமாட்டேன். வலிச்சா கை மாத்திக்குவேன்."

நான் சொல்லிக்கொடுத்ததுதான் அக்கா. அவர் குரல் உயரும்போதே அவளை அலமாரி முன்னால் உட்காரவைத்து, "கண்ண மூடிக்கோ, மணிய ஆட்டு, வேற எதுவும் காதுல விழக்கூடாது" என்பேன். தெய்வத்தின் சத்தம் காதில் இருந்தால் கெட்டது எதுவும் உள்ளே போகாது என்று நம்பினேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லதான்மா. ஆனா இவ வலி பொய்யில்ல. எந்நேரமும் ஓடத் தயாரா நிக்கிற உடம்பு இது. நெஞ்சு படபடன்னு, வயிறு இறுகிப்போய். அப்படி நிக்கிற உடம்புல சோறு எங்க ஒட்டும்? தூக்கம் எங்க வரும்? படிச்சது எங்க நிக்கும்? கோயில் மணி கேட்டா மத்தவங்களுக்கு சாமி ஞாபகம் வரும். இவளுக்கு நீங்க அடி வாங்கறது ஞாபகம் வருது" என்றார். சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மனசுக்குப் பேசுகிற ஒரு அம்மாளிடம் வாராவாரம் கூட்டி வரச் சொன்னார். "இதுக்கு முதல் மருந்து, அந்த வீட்டுல அடி நிக்கறது. அதை நான் சீட்டுல எழுத முடியாதும்மா." 181 என்கிற பெண்கள் உதவி நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

கண்ணை மூடச் சொன்னேன். காதுக்கு மணி கொடுத்தேன். அவள் உடம்பை எதைப் போட்டு மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யோகா


குடியாத்தம்
2.5.2024

யோகாவுக்கு,

நான் உன்னைக் குறை சொல்லப்போவதில்லை. தெரிந்த வழியைத்தான் பண்ணினாய்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வருஷா வருஷம் அதற்கு மட்டும் மாப்பிள்ளை உன்னை அனுப்புவார். பள்ளிக்கூடமும் லீவு. இந்த முறை கொஞ்சம் முன்னாலேயே வா. இதில் நீ பொய் சொல்லவேண்டியது ஒன்றும் இல்லை, திருவிழாவுக்குத்தானே வருகிறாய். வந்தபிறகு திரும்பிப் போகவேண்டாம். மாமா முதலில் "நாலு பேர் இன்னா சொல்வாங்க" என்றார். "அந்த நாலு பேர்ல யாராவது அவளுக்கு மாவுக்கட்டு போட்டாங்களா?" என்றேன். இப்போது உங்களுக்குப் படுக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்.

அக்கா


ஆம்பூர்
28.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கோபத்தில் இருப்பாய். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ கூழ் ஊற்றப் போயிருந்தபோது சொல்லாமல் அவரோடு ஆம்பூருக்குக் கிளம்பினது தப்புத்தான். நடந்ததை நீ என் வாயால் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அவர் கூட்டத்தில் எங்களைத் தேடி வந்தார். ஊர்வலத்தில் அம்மன் சிரசு போய்க்கொண்டிருந்தது. எதிரே கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். "இனிமே உம்மேல கை வெக்கமாட்டேன், அம்மா மேல சத்தியம்" என்றார். கை கொப்பளித்துவிட்டது. அம்மன் எதிரில் செய்த சத்தியத்தை நான் எப்படி அக்கா வேண்டாம் என்பேன்? அதை மறுத்தால் அவளையே மறுத்ததாக ஆகாதா?

உன் வீட்டில் இருந்த நாட்களில் ஹேமா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாள். பாய் நனையவில்லை. தறிச் சத்தத்தில் எனக்குத் தலை வலித்தது, அவள் அதற்குப் பக்கத்திலேயே தூங்கினாள். நான் பார்க்காமல் இல்லை.

மாமா அவளுக்குச் சிரசுக் கதை சொன்னாராம். அப்பா சொன்னார் என்று பிள்ளையே அம்மாவின் தலையை வெட்டின கதை. பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "அம்மா, தலைய வெட்டினதுக்கு அப்புறந்தான் சாமின்னு கும்பிடுவாங்களா? மொதல்ல ஏன் யாரும் வரல?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

யோகா


குடியாத்தம்
4.6.2024

யோகா,

சத்தியம் செய்தது அவன். அதற்குக் காவல் நிற்பது எட்டு வயதுக் குழந்தை.

அம்மனை நானும் கும்பிடுகிறவள்தான். கொப்பளித்த கையைக் காட்டினவனுக்கு இரக்கப்பட்டாய். உன் மகள் வயிற்றுக்குள்ளே கொப்பளித்திருக்கிறதே, அது எந்தச் சந்நிதியில் ஆறும்?

இனிமேல் வேண்டுதல், சத்தியம், கம்பெனி டார்கெட் எதுவும் எனக்கு எழுதாதே. "வருகிறேன்" என்று நீ எழுதுகிற அன்றைக்குத்தான் என் பதில் வரும். அதுவரை என்னிடமிருந்து ஒரு வரியும் வராது.

அக்கா


ஆம்பூர்
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறியாமல் தவிக்கிறேன்.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றுகிறார். ஒரு தட்டு உடைந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்ததும் ஹேமாவுக்குக் காய்ச்சல் வந்தது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்குத் துணி போட்டார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். ஒரு வாரம் வீட்டில் யாரும் குரல் உயர்த்தவில்லை. எனக்கே பழைய நாள் திரும்பிவிட்டதுபோல் இருந்தது.

காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அவள் இளைக்கிறாள் அக்கா. சாப்பாட்டு டப்பா காலியாகத்தான் வருகிறது, உடம்பில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் மயங்கிவிட்டாள். வேலூருக்கு வாராவாரம் போக அவர் விடவில்லை. "நான்தான் திருந்திட்டேனே, அப்புறம் எதுக்குடி மனசு டாக்டரு?" என்கிறார்.

என்ன செய்யட்டும்? என்மேல் கோபம் இருந்தாலும் ஹேமாவுக்காக இரண்டு வரி எழுது.

யோகா


ஆம்பூர்
19.7.2024

அக்கா,

நாங்கள் சௌக்கியம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அதை எழுதமாட்டேன். நாங்கள் சௌக்கியமாக இல்லை.

சத்தியம் ஆனி மாசம் முடிவதற்குள் போய்விட்டது. எனக்குக் காது கேட்கிறது, ஒரு பக்கம் மட்டும் இரைச்சல். அதை எழுத வரவில்லை.

நேற்று கேன் மாற்றுவதற்கு ஸ்டாண்டை நகர்த்தினேன். பின்னால் பிளாஸ்டிக் கவர்கள். ஒன்றில் இட்லி பூசணம் பூத்திருந்தது. ஒன்றில் தயிர்சாதம். ஒன்றில் அவளுக்குப் பிடிக்கும் என்று நெய் விட்டுச் செய்த பருப்புச் சோறு, அப்படியே. பள்ளிக்கூடத்து டப்பாவையும் அங்கேதான் கொட்டியிருக்கிறாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "சோத்த ஏண்டி கொட்டின? லட்சுமிடி அது" என்று கத்திவிட்டேன். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"சாப்ட்டா ஒடம்பு சரியாயிடும்மா. காய்ச்சல் வந்தப்ப அப்பா கத்தவே இல்ல இல்ல? சரியானதுக்கு அப்புறந்தான் தட்ட ஒடச்சாரு, உன்ன அடிச்சாரு. நான் இப்டியே இருக்கேன். பசிக்கல, பழகிடுச்சி."

நான் வேண்டாத தெய்வம் இல்லை. என் பிள்ளை எனக்காகத் தன் உடம்பையே நேர்ந்துவிட்டிருக்கிறாள். இந்த வேண்டுதலை நிறைவேற விடமாட்டேன் அக்கா.

வீட்டை விட்டுப் போகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். "நாங்கல்லாம் வாங்காத அடியா? எங்க பசங்க வளரலையா?" என்றார்கள். "உங்க பையன் எப்படி வளர்ந்தாருன்னு பார்த்துட்டுத்தான் அத்தை போறேன்" என்றேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் ஹேமாவின் துவைத்த துணிகளை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அவரிடம் சொல்லிவிடுவார்களா என்று தெரியவில்லை.

அன்வரி அக்கா போனிலிருந்து 181-க்குப் பேசினேன். ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டார்கள். வீட்டை விட்டு வரும்போது கூட ஆள் அனுப்புகிறோம், தனியாகக் கிளம்பாதீர்கள் என்றார்கள். "எங்கம்மா போய் இருப்பீங்க?" என்று கேட்டார்கள். "எங்க அக்கா வீடு" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் பயம் வந்தது. ஒரு தடவை கொடுத்த இடத்தை விட்டுவிட்டு வந்தவள் நான். திரும்பிப் போகவேண்டாம் என்று நீ சொன்ன வார்த்தை இன்னும் இருக்கிறதா? மாமா மனசு மாறியிருந்தால் மறைக்காமல் சொல். 181-காரர்களுக்குத் தெரிந்த விடுதிக்குப் போகிறோம். ஆனால் ஹேமாவை எங்கே கூட்டிப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியாகவேண்டும். குடியாத்தம் என்று சொன்னால் சாப்பிடுவாள் என்று நினைக்கிறேன்.

வேண்டுதல் எதுவும் எழுதவில்லை, சத்தியமும் எழுதவில்லை. நீ கேட்டதை எழுதுகிறேன்: வருகிறோம்.

வா என்று நீ எழுது அக்கா. அன்வரி அக்கா பெயருக்கு. சீக்கிரம்.

யோகா